ரூலெட் சக்கரத்தில் பூஜ்யம் எதற்கு?

சூதாட்ட விடுதிகளில் சுழலும் ஐரோப்பிய வகை ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள் இருக்கும். 1 முதல் 36 வரை எண்ணிட்ட குழிகளில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மீதியுள்ள ஒன்று பச்சை. அதில் 0 என்று எழுதியிருக்கும். நீங்கள் ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து அந்த எண்ணே விழுந்தால், 3,600 ரூபாய் உங்கள் கைக்கு வரும். குழிகள் 37, கொடுப்பதோ 36 மடங்கு. ரூலெட் என்கிற வியாபாரம் முழுவதும் அந்த ஒன்றின் இடைவெளியில்தான் நடக்கிறது.

விதிகளைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். அதை முதலில் முடித்துவிடுவோம். அப்புறம் அந்தப் பச்சைக் குழி எங்கிருந்து வந்தது, அதை வெல்லப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள், அவர்களில் ஒருசிலர் எப்படி உண்மையாகவே வென்றார்கள் என்று பார்க்கலாம். கணக்குக்குப் பயப்பட வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

மேசையில் நடப்பது

நீளமான மேசை. ஒரு முனையில் சக்கரம். மேசைமேல் விரித்த துணியில் 1 முதல் 36 வரை எண்கள், வரிசைக்கு மூன்று வீதம் 12 வரிசைகளாக அச்சிட்டிருக்கும். தலைமாட்டில் பூஜ்யம். மேசையை நடத்துபவர் டீலர். பிரெஞ்சு வழக்கில் குரூப்பியே. பணம் கொடுத்தால் அவர் வில்லைகளாக மாற்றித் தருவார். பல இடங்களில் ஆளுக்கொரு நிறத்தில் வில்லை கொடுப்பார்கள். ஒரே எண்ணில் நான்கு பேர் வைத்தாலும் எது யாருடையது என்ற சண்டை வராது. அந்த நிற வில்லைக்கு அந்த மேசையில் மட்டும்தான் மதிப்பு. எழுந்து போகும்போது அதைத் திருப்பிக் கொடுத்துப் பொதுவான வில்லையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

டீலர் சக்கரத்தை ஒரு பக்கமாகச் சுழற்றிவிட்டு, சிறிய வெள்ளைக் குண்டை அதற்கு எதிர்த்திசையில் விளிம்பில் ஓடவிடுவார். ஒரு காலத்தில் யானைத் தந்தத்தில் செய்த குண்டு. இப்போது செயற்கைப் பொருள். குண்டு ஓடும்போதும் பந்தயம் வைக்கலாம். அது வேகம் குறைந்து இறங்கப்போகிற நேரத்தில் டீலர் 'நோ மோர் பெட்ஸ்' என்று சொல்லி மேசைக்கு மேலே கையை வீசுவார். மொனாக்கோவின் புகழ்பெற்ற சூதாட்ட விடுதியான மான்டி கார்லோவில் அதையே 'ரியான் ந வா ப்ளூ' என்பார்கள். அதற்குமேல் வில்லையைத் தொடக்கூடாது.

விளிம்பிலிருந்து நழுவும் குண்டு, வழியில் பதித்திருக்கும் உலோகத் தடுப்புகளில் மோதித் துள்ளி, ஏதோ ஒரு குழியில் போய் உட்காரும். டீலர் எண்ணையும் நிறத்தையும் சொல்லிவிட்டு, துணியில் அந்த எண்ணின்மேல் ஒரு சிறு குமிழை வைப்பார். தோற்ற வில்லைகளை முதலில் வாரிவிட்டு, பிறகு வென்றவர்களுக்குக் கொடுப்பார். குமிழை எடுக்கும்வரை யாரும் மேசையில் கை வைக்கக்கூடாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்பட்டுக் கையை நீட்டுவார்கள்.

பந்தயங்களும் ஒரே ஒரு வகுத்தலும்

வில்லையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் பந்தயம். 17 என்ற கட்டத்தின் நடுவில் வைத்தால் 17 ஒன்றுதான் உங்களுடையது. 17க்கும் 20க்கும் நடுவிலுள்ள கோட்டில் வைத்தால் இரண்டு எண்களும். 1, 2, 4, 5 ஆகிய நான்கும் சந்திக்கும் மூலையில் வைத்தால் நான்கும். ஒரு வரிசையின் ஓரத்தில் வைத்தால் அந்த வரிசையின் மூன்று எண்கள். இரண்டு வரிசைகள் சேரும் இடத்தின் ஓரத்தில் வைத்தால் ஆறு. இவையெல்லாம் உள்பந்தயங்கள்.

கட்டங்களுக்கு வெளியே பெரிய பெரிய பெட்டிகள் இருக்கும். முதல் 12, நடு 12, கடைசி 12 என்று மூன்று. நீளவாக்கில் ஓடும் மூன்று நெடுவரிசைகளுக்கு ஆளுக்கொன்று. அதன்பிறகு சிவப்பு அல்லது கறுப்பு, ஒற்றை அல்லது இரட்டை, 1 முதல் 18 வரை அல்லது 19 முதல் 36 வரை. இந்தக் கடைசி மூன்று ஜோடிகளும் 18 எண்களை அடக்கியவை.

எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பல புத்தகங்கள் நீண்ட அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. தேவையே இல்லை. 36ஐ நீங்கள் பிடித்திருக்கும் எண்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வென்றால் வைத்த பணத்தையும் சேர்த்து அத்தனை மடங்கு கைக்கு வரும். ஓர் எண் என்றால் 36 மடங்கு. இரண்டு எண்கள் என்றால் 18. நான்கு என்றால் 9. பன்னிரண்டு என்றால் 3. சிவப்பு என்றால் 36ஐ 18ஆல் வகுத்து 2 மடங்கு. மேசையில் '35க்கு 1', '17க்கு 1' என்று சொல்வது வைத்த பணத்தைக் கழித்த லாபத்தை மட்டும். இரண்டும் ஒரே கணக்கு.

இந்த வகுத்தலைக் கவனித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். எல்லாப் பந்தயமும் சக்கரத்தில் 36 குழிகள்தான் இருக்கின்றன என்பதுபோலவே பணம் கொடுக்கிறது. 36 மட்டுமே இருந்திருந்தால் இது துல்லியமான நியாயமான ஆட்டம். நீண்ட நாள் ஆடினால் யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. முப்பத்தேழாவது குழி வந்ததும் கணக்கு சாய்கிறது.

சோதித்துப் பாருங்கள். 37 எண்களிலும் தலா 100 ரூபாய் வைக்கிறீர்கள். செலவு 3,700. எந்த எண் விழுந்தாலும் ஒன்றில் நிச்சயம் வென்றிருப்பீர்கள். கைக்கு வருவது 3,600. போனது 100. 3,700க்கு 100 என்றால் 2.7 சதவீதம். ஓர் எண்ணில் வைத்தாலும், சிவப்பில் வைத்தாலும், பன்னிரண்டில் வைத்தாலும் சராசரியாகச் சூதாட்ட விடுதிக்குப் போகும் பங்கு இதே 2.7 சதவீதம்தான். சிவப்பில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஒற்றை எண்ணில் வைத்தால் ஏற்ற இறக்கம் பயங்கரமாக இருக்கும். போகும் வேகம் ஒன்றே.

இந்த 2.7ஐக் கேட்டவுடன் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இது நீங்கள் கொண்டுபோன பணத்தில் 2.7 சதவீதம் இல்லை. நீங்கள் வைத்த ஒவ்வொரு பந்தயத்திலும் 2.7 சதவீதம். 5,000 ரூபாயோடு உட்கார்ந்து ஒரு சுற்றுக்கு 500 ரூபாய் வைக்கிறீர்கள், மணிக்கு 40 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வென்றதையும் திரும்பத் திரும்ப வைப்பதால், ஒரு மணி நேரத்தில் மேசையில் நீங்கள் வைத்த மொத்தம் 20,000. அதில் 2.7 சதவீதம் 540 ரூபாய். கொண்டுபோன பணத்தோடு ஒப்பிட்டால் மணிக்கு ஏறக்குறைய 11 சதவீதம் கரைகிறது. சூதாட்ட விடுதிகள் நாற்காலியை வசதியாகப் போட்டு, குடிக்கக் கொடுத்து, கடிகாரத்தைக் கண்ணில் படாமல் வைப்பதற்குப் பின்னால் இந்தப் பெருக்கல்தான் இருக்கிறது.

பிரெஞ்சு மேசைகளில் ஒரு சலுகை உண்டு. சிவப்பு, கறுப்பு போன்ற சமபங்குப் பந்தயம் வைத்து பூஜ்யம் விழுந்தால், பாதிப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். இதன் பெயர் லா பர்தாழ். இன்னொரு முறையில் பணத்தை அடுத்த சுற்றுவரை 'சிறை' வைப்பார்கள். அடுத்த சுற்றில் உங்கள் நிறம் வந்தால் வைத்த பணம் மட்டும் திரும்பி வரும். இரண்டிலும் விடுதியின் பங்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்து 1.35 சதவீதத்துக்கு வருகிறது. சாதாரண ரூலெட்டில் ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. அதனால்தானோ என்னவோ, எல்லா மேசைகளிலும் இது இருப்பதில்லை.

பூஜ்யம் வந்த பாதை

ரூலெட்டைக் கண்டுபிடித்தவர் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல், நிற்காமல் ஓடும் இயந்திரம் ஒன்றைச் செய்யப்போய் இது பிறந்தது என்று இணையத்தில் எங்கு தேடினாலும் வரும். அதற்கு ஆதாரம் இல்லை. பாஸ்கல் 1658இல் ரூலெட் என்ற தலைப்பில் எழுதியது உண்மைதான். ஆனால் அது, உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றியது. அவருக்கு இந்த ஆட்டத்தோடு உள்ள உண்மையான உறவு வேறு. 1654இல் அவரும் பியர் த ஃபெர்மாவும் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. மேலே போட்ட கணக்கு அத்தனையும் அந்தக் கடிதங்களின் வழிவந்தது.

ரூலெட் ஒருவர் கண்டுபிடித்த பொருளாகத் தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் புழங்கிய பல ஆட்டங்கள் சேர்ந்து உருவானது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் பிரிபி என்று ஓர் ஆட்டம் இருந்தது. 1 முதல் 70 வரை எண்கள் எழுதிய பலகையில் பணம் வைப்பார்கள். பையிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார்கள். அந்த எண்ணில் வைத்தவருக்கு 64 மடங்கு. எழுபதில் ஒரு வாய்ப்புக்கு 64 மடங்கு என்றால் விடுதிக்கு எவ்வளவு கொழுத்த பங்கு என்று பாருங்கள். எண்கள் எழுதிய துணியில் பணம் வைக்கும் வழக்கம் இந்த வகை ஆட்டங்களிலிருந்து வந்தது.

இங்கிலாந்தில் ஓடிய சக்கர ஆட்டங்களை 1745ஆம் ஆண்டுச் சட்டம் ரூலெட் என்ற பெயரையே சொல்லித் தடைசெய்தது. அந்தக் காலத்தில் அங்கே பரவிய இன்னோர் ஆட்டம் ஈ.ஓ., அதாவது ஈவன்-ஆட். சக்கரத்தில் எண்களே கிடையாது. பாதிக் குழிகளில் இரட்டைக்கான எழுத்து, பாதியில் ஒற்றைக்கான எழுத்து. நம் ஊர்ப் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு 'ஒற்றையா இரட்டையா' என்று கேட்பார்களே, அதைச் சக்கரத்தில் ஏற்றியது போன்ற ஆட்டம். பிள்ளைகளின் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சமம். ஈ.ஓ. மேசையில் அப்படி இல்லை. 40 குழிகளில் இரண்டை விடுதிக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். குண்டு அவற்றில் விழுந்தால், தோற்றவர்களின் பணத்தை விடுதி எடுத்துக்கொள்ளும். வென்றிருக்க வேண்டியவர்களுக்கு எதுவும் கொடுக்காது. பச்சைக் குழியின் தாத்தா என்று அதைச் சொல்லலாம்.

1796 வாக்கில் பாரிஸின் பாலே ருவாயால் பகுதியில் இன்று நாம் பார்க்கும் ரூலெட் ஏறக்குறைய முழு வடிவத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பும் கறுப்புமாக 36 எண்கள், கூடவே 0, 00. அந்த இரண்டும் விடுதிக்குரிய எண்கள் என்று அக்காலத்து விவரணையே சொல்கிறது. ஆக, முதலில் இருந்தது இரட்டைப் பூஜ்யச் சக்கரம்தான். ஒற்றைப் பூஜ்யம் பிறகு வந்த மாற்றம்.

அந்த மாற்றத்தைச் செய்தவர் பிரான்சுவா பிளாங்க். துணிச்சலும் தந்திரமும் கலந்த மனிதர். 1834 முதல் 1836 வரை அவரும் அவருடைய சகோதரரும் பிரெஞ்சு அரசின் தந்திக் கோபுரங்களில் வேலை பார்த்தவர்களுக்குக் கையூட்டு கொடுத்து, பாரிஸ் பங்குச் சந்தையின் நிலவரத்தை மற்றவர்களுக்கு முன்பே போர்தோ நகரில் தெரிந்துகொண்டு லாபம் பார்த்தார்கள். பிடிபட்டபோது அதைக் குற்றம் என்று சொல்ல அப்போது சரியான சட்டமே இல்லை. 1837 முடிவோடு பிரான்ஸ் சூதாட்ட விடுதிகளை மூடிவிட, பிளாங்க் சகோதரர்கள் ஜெர்மனியின் சிறிய ஊற்றுநீர் நகரமான பாட் ஹோம்பர்கில் கடை போட்டார்கள்.

சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே பெயர்பெற்ற விடுதிகள் இருந்தன. எல்லாவற்றிலும் இரண்டு பூஜ்யம். 1843இல் பிளாங்க் ஒன்றை எடுத்துவிட்டார். விடுதியின் பங்கு 5.26 சதவீதத்திலிருந்து 2.7க்கு இறங்கியது. லாபத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டதுபோல் தெரியும் இந்த முடிவு அவரைப் பெரும் பணக்காரர் ஆக்கியது. ஆட்டக்காரர்கள் தேடி வந்தார்கள். மெதுவாகத் தோற்றதால் அதிக நேரம் உட்கார்ந்தார்கள். மேசையில் புரளும் மொத்தப் பணம் பெருகியது. ரூலெட்டின் வரலாற்றில் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது மொனாக்கோ. 1861இல் அந்தக் குட்டி நாடு மென்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களையும் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்துத் தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தது. வரி வாங்கக்கூட ஆளில்லை. அதற்கு முன்பே, 1850களில், இளவரசர் மூன்றாம் சார்லஸின் குடும்பம் சூதாட்ட விடுதி நடத்த உரிமம் கொடுத்திருந்தது. வாங்கியவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தோற்றார்கள். அங்கே வருவதற்குச் சரியான சாலையே கிடையாது. 1863இல் பிளாங்க் பொறுப்பெடுத்தார். 1866இல் விடுதி நின்ற குன்றுக்கு மான்டி கார்லோ என்று இளவரசரின் பெயர் வந்தது. 1868இல் ரயில் வந்தது. அடுத்த ஆண்டே மொனாக்கோ தன் குடிமக்களுக்கு நேரடி வரிகளை நீக்கிவிட்டது. அந்தக் குடிமக்கள் அந்த விடுதியில் ஆடுவதற்குத் தடை; இன்றும் அது தொடர்கிறது. முப்பத்தேழில் ஒரு பங்கை வைத்து ஒரு நாடு எழுந்து நின்றது என்றால் மிகையில்லை. 1872 முடிவில் ஜெர்மனியும் தன் விடுதிகளை மூடிவிட, ஐரோப்பாவின் பணக்காரர்களுக்கு மான்டி கார்லோவைத் தவிர வேறு இடம் அதிகம் இல்லாமல் போனது.

1 முதல் 36 வரை எல்லா எண்களையும் கூட்டினால் 666 வரும். பைபிளில் சாத்தானின் எண்ணாகக் கருதப்படுவது அது. அதனால் பிளாங்க் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுத்தான் இந்த ரகசியத்தை வாங்கினார் என்று கதை கட்டினார்கள். 36ஐ 37ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 666. பள்ளிக்கூடத்துக் கூட்டல் சூத்திரம்.

அமெரிக்காவின் கதை நேரெதிர். பிரெஞ்சுக்காரர்களோடு கடல் கடந்து போன ரூலெட் அங்கே இரட்டைப் பூஜ்யத்தோடு தங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் சில சக்கரங்களில் 0, 00 போதாதென்று கழுகுப் படம் போட்ட மூன்றாவது குழியும் இருந்தது. பிளாங்கைப் போலக் குறைத்துப் போட்டியிட அங்கே யாருக்கும் தேவை வரவில்லை. இன்றும் அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். 3,800 ரூபாய் வைத்தால் 3,600 வரும். அங்கே 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்தையும் சேர்த்து வைக்கும் பந்தயம் ஒன்று உண்டு. 36 ஐந்தால் மீதியின்றி வகுபடாது என்பதால் கீழே இறக்கி 7 மடங்கு மட்டும் தருகிறார்கள். விடுதியின் பங்கு 7.89 சதவீதம், அந்த மேசையில் இதைவிட மோசமான பந்தயம் கிடையாது. 2016இல் லாஸ் வேகாஸின் வெனிஷியன் விடுதி மூன்றாவது பூஜ்யத்தைச் சேர்த்த சக்கரத்தைக் கொண்டுவந்தது. 39 குழிகள், 7.69 சதவீதம். மற்ற விடுதிகளும் பின்தொடர்ந்தன. பிளாங்க் எடுத்தெறிந்தது 173 ஆண்டுகள் கழித்துக் கூடுதலாகவே திரும்பி வந்திருக்கிறது.

குண்டுக்கு ஞாபகம் கிடையாது

1913 ஆகஸ்ட் 18. மான்டி கார்லோவின் ஒரு மேசையில் தொடர்ந்து கறுப்பு விழுந்துகொண்டிருந்தது. பத்து முறை, பதினைந்து முறை. 'இனி சிவப்பு வந்தே தீர வேண்டும்' என்று கூட்டம் சிவப்பில் பணத்தைக் கொட்டியது. மறுபடியும் கறுப்பு. ஒவ்வொரு கறுப்புக்கும் அடுத்த பந்தயம் பெரிதானது. 26 முறை கறுப்பு விழுந்த பிறகுதான் அந்தத் தொடர் முறிந்தது. அதற்குள் பெரும்பணம் விடுதியின் பெட்டிக்குப் போய்விட்டது.

தொடர்ந்து 26 முறை கறுப்பு வருவதற்கான வாய்ப்பு சுமார் 13.7 கோடியில் ஒன்று. இதைக் கேட்டதும், 'அப்படியானால் சிவப்பில் வைத்தவர்கள் சரியாகத்தானே யோசித்தார்கள்?' என்று தோன்றும். இல்லை. 13.7 கோடியில் ஒன்று என்பது ஆட்டம் தொடங்கும் முன் சொல்ல வேண்டிய கணக்கு. 25 கறுப்பு ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. அது நடந்துமுடிந்த விஷயம். அடுத்த சுற்றில் 37 குழிகள், 18 கறுப்பு, 18 சிவப்பு. குண்டும் சக்கரமும் முந்தின சுற்றை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இந்தத் தவறான எண்ணத்தைச் சூதாடியின் மயக்கம் என்கிறார்கள். அந்த இரவை வைத்து மான்டி கார்லோ மயக்கம் என்ற பெயரும் உண்டு.

இன்று பெரும்பாலான மேசைகளுக்குப் பக்கத்தில் கடைசியாக விழுந்த எண்களைக் காட்டும் மின்பலகை இருக்கிறது. விடுதி அதை இலவசமாக வைத்திருப்பதே, அந்தத் தகவலால் விடுதிக்கு நட்டம் வராது என்பதற்கு நல்ல சாட்சி. 37 சுற்று ஓடினால் 37 எண்களும் ஒருமுறையாவது வரும் என்றும் பலர் நினைக்கிறார்கள். கணக்குப்படி சராசரியாக 23 அல்லது 24 எண்கள்தான் வரும். 13 எண்கள் எட்டிக்கூடப் பார்க்காது. சில எண்கள் திரும்பத் திரும்ப வருவதும் சில வராமலே இருப்பதும்தான் தற்செயலின் இயல்பு. அதைப் பார்த்து 'சூடான எண்', 'காத்திருக்கும் எண்' என்று பெயர் வைப்பதற்கு அர்த்தமில்லை.

இரட்டித்துக்கொண்டே போனால்?

புதிதாக ரூலெட்டைப் பற்றிப் படிக்கும் எல்லாருக்கும் ஒருநாள் இந்த யோசனை தானாகவே வரும். சிவப்பில் 100 வைப்பேன். தோற்றால் 200. மறுபடி தோற்றால் 400. என்றைக்காவது சிவப்பு வந்தே ஆகும். வந்தால் இழந்தது எல்லாம் திரும்பி, மேலே 100 லாபம். இது 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் பரவியிருந்த மார்ட்டிங்கேல் முறை. கேட்கும்போது ஓட்டையே இல்லாததுபோல் இருக்கும். நான் பேசிப்பார்த்தவர்களில் படித்தவர்கள்தான் இதை அதிகமாக நம்புகிறார்கள், அதனால் கணக்கை முழுவதுமாகப் போட்டுக் காட்டுகிறேன்.

பத்து முறை தொடர்ந்து தோற்றால் இழந்த மொத்தம் 1,02,300 ரூபாய். பதினோராவது பந்தயம் 1,02,400 ரூபாய். உங்களிடம் அவ்வளவு இருக்க வேண்டும். இருந்தாலும் மேசைக்கு உச்சவரம்பு ஒன்று எழுதிவைத்திருப்பார்கள், அது அதற்கு முன்பே உங்களை நிறுத்திவிடும். பத்து முறை தொடர்ந்து தோற்பது எவ்வளவு அபூர்வம்? ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் சுமார் 784இல் ஒரு தடவை. ஆக 783 தடவை 100 ரூபாய் வீதம் வென்று 78,300 சேர்ப்பீர்கள். ஒரே ஒரு தடவை 1,02,300 போகும். நிகரம் 24,000 நட்டம். இந்த முறை நட்டத்தைப் போக்குவதில்லை. பல நாள் சின்னச் சின்ன மகிழ்ச்சியாகவும் ஒருநாள் பேரிடியாகவும் அதைப் பிரித்து வைக்கிறது. வேறு எந்த வரிசையில் பந்தயத்தை ஏற்றி இறக்கினாலும் இதே கதிதான். ஒவ்வொரு பந்தயமும் தனித்தனியே 2.7 சதவீதம் நட்டம் என்றால் அவற்றின் கூட்டுத்தொகை லாபமாக வழியில்லை.

உண்மையில் வென்றவர்கள்

அப்படியானால் ரூலெட்டில் யாருமே வென்றதில்லையா? வென்றிருக்கிறார்கள். அவர்கள் பந்தயம் வைக்கும் வரிசையை யோசிக்கவில்லை. சக்கரத்தை உற்றுப் பார்த்தார்கள். மேலே போட்ட கணக்கு எல்லாம் 37 குழிகளும் துல்லியமாகச் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. மரமும் உலோகமும் சேர்ந்த பொருள் தேயும், சாயும். அப்போது சில எண்கள் கொஞ்சம் அதிகமாக விழும். ஓர் எண் 37இல் ஒருமுறை என்பதற்குப் பதிலாக 36இல் ஒருமுறைக்கும் மேல் விழத் தொடங்கினால் பூஜ்யத்தின் பலம் தீர்ந்துபோகிறது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் துணி ஆலை இயந்திரங்களோடு வாழ்ந்த ஜோசஃப் ஜாகர், சுழலும் எந்தப் பொருளும் துல்லியமாகச் சமநிலையில் இருக்காது என்பதை அனுபவத்தில் அறிந்தவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்டி கார்லோவுக்குப் போய், உதவியாளர்களை வைத்து ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எண்களைக் குறிக்கச் செய்தார். ஒரு சக்கரம் சில எண்களின் பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்து அவற்றிலேயே வைத்து பெரும்பணம் வென்றார். விடுதி விழித்துக்கொண்டு சக்கரங்களை மாற்றத் தொடங்கியதும், இருப்பதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அந்தத் திரும்பிப்போகும் முடிவுதான்.

1990களின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கொன்சாலோ கார்சியா பெலாயோ அதே வழியில் போனார். இசைத் துறையில் இருந்தவர். குடும்பத்தாரையே மாட்ரிட் விடுதியில் உட்காரவைத்து ஆயிரக்கணக்கான சுற்றுகளைக் குறித்து, கணினியில் அலசி, சாய்வுள்ள எண்களைப் பிரித்தெடுத்தார். விடுதி அவரை உள்ளே விட மறுத்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2004இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் ஏமாற்றவில்லை, எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்ததைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி இயற்பியல். குண்டு ஓடத் தொடங்கிய பிறகும் பந்தயம் வைக்கலாம் என்ற விதி ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்தச் சில நொடிகளில் குண்டின் வேகத்தையும் சக்கரத்தின் வேகத்தையும் அளந்துவிட்டால், சக்கரத்தின் எந்தப் பகுதியில் விழும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப்பும், தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானனும் 1960, 61ஆம் ஆண்டுகளில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். ஷானனின் வீட்டு அடித்தளத்தில் உண்மையான ரூலெட் சக்கரத்தை வாங்கிப்போட்டுச் சோதித்து, சிகரெட் பெட்டி அளவில் ஒரு கணினியைக் கட்டினார்கள். ஷூவுக்குள் கால்விரலால் அழுத்தும் பொத்தான்; காதில் ஒலி கேட்கும் மெல்லிய கம்பி. 1961இல் லாஸ் வேகாஸில் அதை அணிந்து ஆடியபோது கணிப்பு வேலை செய்தது. கம்பிதான் அறுந்து அறுந்து தொல்லை கொடுத்தது. உடலில் அணியும் கணினிகளில் முதலாவது என்று இன்று பலரும் சொல்வது இதைத்தான். நெவாடா மாநிலம் 1985இல் இப்படிப்பட்ட கருவிகளைச் சட்டத்தால் தடைசெய்தது. சக்கரம் செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. குழிகளைப் பிரிக்கும் தடுப்புகளைத் தாழ்வாக்கினார்கள். குண்டு அதிகமாகத் துள்ளும், கணிப்பு தவறும். சக்கரம் சாய்ந்திருக்கிறதா என்று விடுதிகள் இப்போது தொடர்ந்து அளக்கின்றன.

இந்தியாவில் சூதாட்டம் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. கோவாவில் உண்டு, பணஜி நகரை ஒட்டி மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் டீலர் சுழற்றும் மேசைகளுக்கும், கரையிலுள்ள நட்சத்திர ஓட்டல்களில் மின்னணு இயந்திரங்களுக்கும் அனுமதி. கைபேசியில் பணம் வைத்து ஆடும் ரூலெட்டைத் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுவதும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. திரையில் மட்டும் சுழலும் சக்கரத்தில் மரமும் இல்லை, குண்டும் இல்லை. எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஒரு மென்பொருள். ஜாகரும் கார்சியா பெலாயோவும் தேடிய தேய்மானம் அதில் கிடைக்காது. பூஜ்யம் மட்டும் அதிலும் உண்டு.